கைக்கு எழுதிய பாட்டு

ஏழெட்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு பத்திரிகையில் நான் எழுதிய வாக்கியம் ஒன்றை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "வீடியோ ஆட்டங்களில் கேட்பது சங்கீதமா? டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு!" என்று எழுதியிருந்தேன். எழுதியபோது எனக்கு அது வெகு சாமர்த்தியமாகப் பட்டது. இரண்டு மூன்று வாசகர்கள் சபாஷ் போட்டுக் கடிதம்கூட எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் இந்தக் கட்டுரையையும் படிப்பார்களேயானால், என்னை மன்னித்துவிட வேண்டும்.

விஷயம் இப்படி நடந்தது. நாவல் ஒன்றுக்காக விவரம் சேகரிக்க, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள தொழிற்சாலைப் பிரதேசத்தில் இரண்டு மாதம் தங்கினேன். ராமாநுஜர் பிறந்த ஊர் என்று நம் பாட்டனார்கள் கையெடுத்துக் கும்பிட்ட ஊர். இன்றைய பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது கம்பெனி பஸ். அதிகாலையிலும் பிற்பகலிலும் இரவு பத்து மணிக்கும் ஷிப்டு மாறும்போது நெடுஞ்சாலையே பஸ்ஸாக நகருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்கிறார்கள், ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள், நடுவிலே செல்போன். இவ்வளவும் முன்னே ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த பூமி. ஏரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்தான் குறைவு.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. கீழ்வீட்டில் ஒரு பெண்மணி தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரர். பத்தொன்பது வயதில் செல்போன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், வேலை போன பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். எட்டு வயதில் ஒரு பையன். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கையில் கீழேயிருந்து ஒரு மெட்டு வந்தது. மெல்லிய, கீச்சென்ற, தகரம் பூசிய மெட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்று. அது முடிந்ததும் மறுபடி. அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "கொஞ்சம் சத்தத்தைக் குறையப்பா" என்று சொல்வதற்காக எழுந்து படியிறங்கினேன். பாதிப் படியில்தான் கவனித்தேன்: என் கால் அந்த மெட்டுக்குச் சரியாக இறங்கிக்கொண்டிருந்தது. கோபத்தோடு இறங்குகிறவனுடைய கால் தாளம் போடலாமா? அங்கேயே நின்றுவிட்டேன்.

பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கையில் பட்டன் வைத்த பழைய நோக்கியா போன். பின்மூடி விழாமலிருக்க ரப்பர் பாண்டு போட்டிருந்தது.

"பவுன்ஸ் டேல்ஸ், மாமா" என்றான், நான் கேட்காமலே.

"நான் வேலை பார்த்த காலத்துப் போன் சார். இதுக்கு இது மூணாவது பாட்டரி" என்றார் அவன் தாயார், மிஷினை நிறுத்தாமல்.

வாசகர்களில் இந்த ஆட்டங்களைத் தெரியாதவர்கள் இருக்கலாம். மேடை மேடையாகத் தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் தாவி, பள்ளத்தைத் தாண்டி, முள்ளில் படாமல் கோடி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். இந்த ரக ஆட்டங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லத்தக்கது ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அதை எடுத்துக்கொள்ளாமல் மற்றதைப் பேச முடியாது.

என் வயதுக்காரர்களுக்கு மாரியோ வந்து சேர்ந்தது கள்ளத்தனமாக. 1990-களில் பர்மா பஜாரிலும் தீபாவளிக் கடைகளிலும் விற்ற நகல் பெட்டிகள். டெலிவிஷனில் செருகினால் ஆடும். 9999 ஆட்டங்கள் என்று கார்ட்ரிட்ஜின் மேலே அச்சடித்திருப்பான். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஏழோ எட்டோ தேறும்; மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். ஆனால் அந்த ஏழிலே மாரியோ கட்டாயம் இருக்கும். என் சித்தப்பா வீட்டில் பள்ளிக்கூட லீவு முழுதும் அந்தப் பாட்டு ஓடிற்று. அதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து இயற்றியிருப்பார் என்பது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. மழை பெய்கிற சத்தத்தை யார் இயற்றினார் என்று கேட்போமா? அது மாதிரி. மூல ஆட்டத்திலேயே உழைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் கிடையாது.

இயற்றியவர் பெயர் கோஜி கோண்டோ. 1961-ல் நகோயாவில் பிறந்து, 1984-ல் நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தவர். மாரியோ வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. அவர் கையில் இருந்த வாத்தியத்தைச் சொன்னால் நம் வித்வான்கள் சிரிப்பார்கள். அந்தப் பெட்டியின் சில்லிலே மெட்டு வாசிக்க இரண்டு குரல்கள். கீழ்ஸ்தாயிக்கு ஒரு குரல். தாளத்துக்கு 'உஸ்' என்ற ஓர் இரைச்சல். பதிவு செய்த துண்டு ஓசைகளுக்காக ஐந்தாவதாக ஒன்று. அவ்வளவுதான் கச்சேரி. இதைக் கொண்டுதான் அவர் அந்தத் துள்ளலைக் கொண்டுவந்தார்.

இதிலே என்னை மிகவும் கவர்ந்தது ஒரு குறைபாடு. மாரியோ தாவும்போது ஒரு சத்தம் வருகிறதே, காசு எடுக்கும்போது 'கிணிங்' என்கிறதே, அவற்றுக்கென்று தனிக் குரல் அந்தப் பெட்டியில் இல்லை. பாட்டு வாசித்துக்கொண்டிருக்கும் குரல்களில் ஒன்றைப் பிடுங்கித்தான் அந்தச் சத்தத்தைப் போட வேண்டும். அந்த ஒரு கணம் பாட்டில் ஒரு குரல் வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே ஆடுகிற பையன் ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் பாட்டில் ஒரு ஓட்டை விழுகிறது. ஓட்டையை அவனுடைய குதிப்பே அடைத்தும் விடுகிறது. இரண்டு பையன்கள் ஒரே மாதிரி குதிப்பதில்லை. எனவே இரண்டு பையன்கள் ஒரே பாட்டைக் கேட்பதில்லை.

சங்கீத ரசிகரான நண்பர் ஒருவர் என்னைப் பார்க்கச் சுங்குவார்சத்திரத்துக்கு வந்திருந்தார். டிசம்பர் மாதம் முழுதும் சபாக்களிலேயே குடியிருக்கிறவர். இதை அவரிடம் சொன்னேன்.

"எல்லாம் சரி ஐயா, மனோதர்மம் எங்கே? எழுதி வைத்ததையே திருப்பித் திருப்பி வாசிக்கிறது. கிராமபோன் தட்டு கீறல் விழுந்து சுற்றுகிற மாதிரி."

எழுதி வைத்தது மாறாததுதான். ஆனால் அவர் பாடகனைத் தவறான இடத்தில் தேடுகிறார் என்பது என் அபிப்பிராயம். கோண்டோ இங்கே பாடகரல்ல, பக்கவாத்தியம். விசித்திரமான பக்கவாத்தியம்: 1985-லேயே தன் வாசிப்பை வாசித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாடகன் பத்து வருஷம் கழித்துச் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருகிறான். எங்கே ஓடுவான், எங்கே தயங்குவான், எந்தக் குழியில் விழுவான் என்பது வாசித்தவருக்குத் தெரியாது. தெரியாமலே அவனுக்கு இடம் விட்டு வாசித்திருக்கிறார். தண்ணீருக்குள் மாரியோ நீந்தும்போது பாட்டு மூன்று எண்ணிக்கைத் தாளத்துக்கு மாறி மிதக்கிறது. பாதாளத்துக்குள் போனால் சொட்டுச் சொட்டாக விட்டு விட்டுக் கேட்கிறது. கடிகாரத்தில் நூறுக்குக் கீழே போனால், எச்சரிக்கை கொடுத்துவிட்டு அதே பாட்டு அவசர அவசரமாக ஓடத் தொடங்குகிறது. அந்த அவசரத்தில் எத்தனை பையன்கள் நெஞ்சு படபடக்கக் குழியில் விழுந்திருக்கிறோம்!

நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. காபி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். "பாடகன் விழுந்தால் மறுபடி பல்லவியிலிருந்து தொடங்குகிற கச்சேரி நான் பார்த்ததில்லை" என்று வாசலில் நின்று சொன்னார். அது நல்ல ஆட்சேபம். அதற்குப் பதில் தேடியபோதுதான் இந்தச் சங்கீதத்தை எடைபோட ஓர் அளவுகோல் எனக்குக் கிடைத்தது.

சபாவில் கேட்கும் பாட்டை ஒரு தடவை கேட்கிறோம். பிடித்தால் மறுபடி கேட்கிறோம். இந்தப் பாட்டைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தோற்கும்போதெல்லாம் கேட்க வேண்டும். ஐம்பதாவது தடவை தோற்றவன் காதில் அது பரிகாசமாக விழுந்தால் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவான். 'இன்னொரு தடவை பார்ப்போம்' என்று கையைக் கிளப்பிவிட்டால் அது தேறிய பாட்டு. காதுக்கு இனிமை என்பது இரண்டாம் பட்சம். முதலில் அது கைக்குப் பிடிக்க வேண்டும். இந்த அளவுகோலால் பார்த்தால் கோண்டோவின் அந்த முதல் ஆட்டத்துப் பாட்டுக்கு இணையாக மாரியோ வரிசையிலேயே பின்னால் வந்தவை அதிகமில்லை. 2007-ல் வந்த சூப்பர் மாரியோ கேலக்ஸிக்கு முழு வாத்தியக் கோஷ்டியை வைத்து வாசித்திருக்கிறார்கள். கேட்க ராஜ விருந்துதான். ஆனால் நான் ஆடியபோது ஓரிரு தடவை கையை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்டேன். ஆட்டத்துப் பாட்டுக்கு அது புகழ்ச்சியில்லை.

இனி, திண்ணைப் பையனின் பந்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு மாரியோவைவிட நெருங்கிய உறவு அதுதான்.

வர்ணத் திரை போட்ட நோக்கியா போன்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டத் தொடங்கிய காலத்தில் அவற்றிலே 'பவுன்ஸ்' என்ற ஆட்டம் வந்தது. காசு கொடுத்து வாங்கவேண்டாம். போனோடு கூடவே வரும். சிவப்புப் பந்து ஒன்று. அது குதித்துக் குதித்துப் போய் வளையங்களுக்குள்ளே நுழைந்து வெளிவர வேண்டும். முள் பட்டால் வெடித்துவிடும். எல்லா வளையங்களையும் கடந்தால்தான் கதவு திறக்கும். பந்து ஊதிப் பெரிதாகும், இளைத்துச் சிறிதாகும். பெரிய பந்து தண்ணீரில் மிதக்கும், சிறியது மூழ்கும். இதற்கு மேல் கதை ஒன்றும் இல்லை. அரசகுமாரியும் இல்லை, அரக்கனும் இல்லை.

பின்னணி இசையும் இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஓசைகள் மாத்திரம்: வளையத்தில் நுழைந்தால் ஒன்று, பந்து வெடித்தால் ஒன்று, இப்படி. மற்ற நேரமெல்லாம் மௌனம். இதை வறுமை என்று நினைக்கிறவர்கள் ஒருதரம் ஆடிப் பார்க்க வேண்டும். மௌனத்திலே பந்து எழும்பி விழுந்து எழும்பி விழுந்து போகிறது. ஆடுகிறவன் மனசிலே தானாக ஒரு நடை உண்டாகிறது. வளையத்தில் நுழைந்ததும் அந்த ஓர் ஓசை, ஆவர்த்தம் முடிந்து சமத்தில் விழுகிற தட்டு மாதிரி விழுகிறது. போன் கொடுக்காத தாளத்தைக் கை போட்டுக்கொள்கிறது. அதிலே பாட்டே இல்லாவிட்டாலும், பவுன்ஸ் வரிசையில் சங்கீத ஞானம் மிகுந்தது அந்த முதல் ஆட்டம்தான் என்று சொல்வேன். ரசிக நண்பர் இதைப் படித்தால் மறுபடி காபி சாப்பிட வருவார்.

2008-ல் 'பவுன்ஸ் டேல்ஸ்' வந்தது. செய்தவர்கள் பின்லாந்தைச் சேர்ந்த ரோவியோ என்ற சிறு கம்பெனி. மறு வருஷமே, 2009 டிசம்பரில், ஆங்ரி பேர்ட்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டு உலகப் பிரசித்தி பெற்றார்களே, அவர்கள்தான். பவுன்ஸ் டேல்ஸில் பந்துக்குக் கண்ணும் முகமும் வந்துவிட்டன. சரிவிலே உருளும், வேகம் பிடித்தால் பறக்கும், கல்லாக மாறும், கடற்கரைப் பந்து மாதிரி லேசாகவும் மாறும். கூடவே பாட்டும் வந்தது. திண்ணையிலிருந்து மாடிக்கு ஏறி வந்து என்னைப் படுத்திய பாட்டு.

இந்த ரகப் போன்களிலே ஆட்டத்துப் பாட்டு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உள்ளே பதிவு செய்த பாட்டு கிடையாது. அதற்கு இடம் ஏது? முழு ஆட்டமே சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். இன்ன ஸ்வரத்தை இன்ன நேரத்தில் இன்ன வாத்தியம் வாசிக்கட்டும் என்கிற குறிப்பு மட்டும்தான் இருக்கும். மிடி என்று பெயர். குறிப்பைப் பார்த்து வாசிப்பது அந்தந்தப் போனின் வேலை. ஆகவே ஒரு போனில் குழலாகக் கேட்டது இன்னொரு போனில் ஊதல் மாதிரி கேட்கும். ஒரே கிருதியைத் தஞ்சாவூர் வித்வான் ஒரு மாதிரியும் திருநெல்வேலி வித்வான் ஒரு மாதிரியும் பாடுவதில்லையா? அது மாதிரி போனுக்குப் போன் பாணி மாறும். அந்தத் தகர வாசனை பாட்டினுடையதல்ல, பாடகனுடைய குரல்வளம். கொசு என்று நான் எழுதியது பாடகனின் தொண்டையைப் பார்த்துச் சாகித்யத்தைக் குறை சொன்ன கதை.

ஆனாலும் நான் வாபஸ் வாங்குவது பாதி வாக்கியத்தைத்தான். பவுன்ஸ் டேல்ஸின் பாட்டு கோண்டோவின் வரிசையில் வைக்கத்தக்கதல்ல. குதூகலமான மெட்டு, சுத்தமான கட்டு, சந்தேகமில்லை. ஆனால் சுற்று சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மூன்றாவது சுற்றிலே அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரிந்துபோய்விடுகிறது. மாரியோவில் ஒரு பகுதி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் திரும்பல் இருக்கும். நூறாவது தடவையும் அங்கே லேசாகத் தூக்கிவாரிப்போடும். அது இங்கே இல்லை. நல்ல கைவேலை என்று சொல்லலாம். நல்ல கைவேலையை மேதாவிலாசம் என்று சொல்லிச் சிறுவயதுப் பாசத்துக்குக் கப்பம் கட்டுகிற வழக்கம் இப்போது அதிகமாகியிருக்கிறது. அதற்கு நான் உடன்படமாட்டேன்.

பின்னே எதற்காக வாபஸ்? அதற்குக் கீழ்வீட்டு அம்மாள்தான் காரணம்.

நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை போட்டது. 2006-ன் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. உச்சத்தில் எண்ணாயிரம் பேர் வரை வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் சுற்றுமாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். கோடிக்கணக்கில் போன்கள் அங்கிருந்து நாடு முழுதும் போயின, வெளிநாடுகளுக்கும் போயின. 2013-ல் வருமானவரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் கொடுத்தது. தகராறு எதைப்பற்றி என்றால், போனுக்குள் ஏற்றுகிற மென்பொருளைப் பற்றி. அதற்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணம் சரக்கின் விலையா, உரிமைத் தொகையா? உரிமைத் தொகை என்றால் அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும் என்பது துறையின் கட்சி. அது சரக்குதான் என்பது கம்பெனியின் கட்சி. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கிற்று. 2014 ஏப்ரலில் கைமாறியபோது வழக்கில் சிக்கிய இந்தத் தொழிற்சாலையை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. வரித் தகராறு 2018-ல் இரு தேசத்து அதிகாரிகளும் பேசித் தீர்ந்தது. கட்டடம் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

மென்பொருள் என்று வக்கீல்கள் ஒரே சொல்லில் சொன்ன அந்த மூட்டைக்குள்ளே என்னென்ன இருந்தன என்று நினைத்துப் பார்க்கிறேன். நோக்கியாவின் அழைப்பு மெட்டு இருந்தது. அது டாரெகா என்ற ஸ்பெயின் தேசத்துக் கிட்டார் வித்வான் 1902-ல் எழுதிய வால்ட்ஸிலிருந்து கிள்ளி எடுத்த நாலே நாலு அளவை. பல போன்களிலே சிவப்புப் பந்தும் இருந்தது. அதன் பாட்டும் இருந்தது. அது சரக்கா, உரிமையா என்று தீர்மானிக்க இரண்டு தேசங்களுக்கு ஐந்து வருஷம் பிடித்தது. சங்கீதமா இல்லையா என்று நான் ஒரே வாக்கியத்தில் தீர்மானித்துவிட்டேன்!

அந்த அம்மாளிடம் வேலை எப்படி என்று கேட்டேன். பரிசோதனை மேஜையில் உட்கார்ந்து பட்டன்களை அழுத்திப் பார்ப்பது என்றார்.

"வேலை செய்யும்போது பாடுவீர்களா?"

சிரித்துவிட்டார். "எங்கம்மா நாத்து நடும்போது பாடும் சார். கழனி பூரா கேட்கும். லைன்ல எங்க பாடறது? பாடினா எண்ணிக்கை தப்பிடும்."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மாடிக்கு வந்தும் அது விடவில்லை. ஏற்றப்பாட்டு என்று நம்மிடம் ஒன்று இருந்தது. ஏற்றம் இறைக்கிறவன் ஒன்று, இரண்டு என்று சால்களை எண்ணிக்கொண்டே பாடுவான். எண்ணிக்கையைக் காப்பாற்றிக் கொடுத்ததே பாட்டுத்தான். கைக்காக இயற்றிய சங்கீதம் அது. கேட்பதற்குச் சபை கிடையாது, கைதட்டலும் கிடையாது. உடம்பு செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய இடத்தில் அலுப்பைத் தாங்கிக்கொள்ள ஒரு மெட்டு. அதே கழனிகளின் மேல் எழும்பிய கட்டடத்திலே, அதே கழனிக்காரர்களின் பெண், செய்ததையே திரும்பச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டினால் எண்ணிக்கை தப்பும் என்றார்.

"அப்புறம் எப்பத்தான் பாட்டு?"

"ரூமுக்கு வந்து ஆடுவோம் சார். ஆறு பேர் ஒரே ரூம். ரெண்டு பேர் நைட் ஷிப்டு முடிச்சிட்டுத் தூங்குவாங்க. சத்தத்தை அணைச்சிட்டுத்தான் ஆடுவோம். ஆனா பாட்டு வாய்க்குள்ளேயே ஓடும். ஒருத்தி லேசா முனகுவா, இன்னொருத்தி 'உஷ்'ம்பா, அப்புறம் அவளே முனகுவா."

என் அளவுகோலை இந்த அம்மாள் ஒரே வாக்கில் மீறிவிட்டார். ஐம்பது தடவை கேட்டும் அலுக்காத பாட்டு என்றுதானே நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்? இங்கே பாட்டே கேட்கவில்லை. ஓசையை அணைத்துவிட்டார்கள். அணைத்த பிறகும் கை அதற்குச் சரியாகக் குதித்தது. தூங்குகிறவர்களை எழுப்பாமல் ஆறு பெண்கள் உதட்டுக்குள் பாடினார்கள். பகலெல்லாம் தாளமில்லாமல் பட்டனை அழுத்திய விரலுக்கு ராத்திரி தாளத்தோடு பட்டனை அழுத்த ஒரு சாக்கு. இந்தக் காரியத்தைச் செய்ய அந்தப் பாட்டு மேதையின் சிருஷ்டியாக இருக்கவேண்டும் என்பதில்லை. நாற்று நடுகிற பாட்டை இயற்றினவளும் மேதையில்லை.

இந்த ஆட்டங்களின் பின்வாழ்வைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். மாரியோவுக்குக் குறையில்லை. வாத்தியக் கோஷ்டிகள் அரங்குகளில் அதை வாசிக்கின்றன. 2023-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. வீடியோ ஆட்டத்து சங்கீதம் ஒன்றுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. பவுன்ஸுக்கு இப்படி ஒரு மரியாதையும் கிடைக்கவில்லை. தொடுதிரைக்கென்று ஒன்று, என்900 போனுக்கென்று ஒன்று வந்தன. பிறகு நோக்கியாவே தடுமாறியபோது பந்தும் உருண்டு எங்கோ போயிற்று. ரோவியோவை 2023-ல் ஜப்பானின் சேகா வாங்கிவிட்டது. சோனிக் என்ற நீலநிற முள்ளெலியை 1991-ல் ஓடவிட்டு மாரியோவுக்குப் போட்டியாக நின்ற அதே சேகா. சிவப்புப் பந்தை உருட்டிய கை கடைசியில் அந்த வீட்டில் போய்ச் சேர்ந்தது நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள். பழைய போனை நகல் செய்கிற மென்பொருள்களைப் புதிய போனில் போட்டுக்கொண்டு இன்றும் பவுன்ஸ் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடித் திரையில் ஆடிப் பார்த்தேன். பட்டனின் மேடு விரலில் படாமல் பந்து சரியாகக் குதிக்கவில்லை. குற்றம் என் விரலுடையதாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த வட்டாரத்தில் செய்வது ஐபோன்கள். கூட்டமாகப் பெண்கள் பஸ்ஸில் ஏறுகிறார்கள். காதில் ஒயர் இல்லாத வெள்ளைப் பொத்தான். என்ன கேட்கிறார்கள் என்று வெளியே தெரிவதில்லை.

அறையைக் காலி செய்வதற்கு முந்தின சாயங்காலம் பையனிடம் போனை வாங்கி நானும் ஆடினேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். இரண்டாவது தடவையும் அதே பள்ளம். "பாட்டைக் கேட்டுக்கிட்டே குதிங்க மாமா, யோசிக்காதீங்க" என்றான். அவன் சொன்னபடி செய்ததில் பள்ளத்தைத் தாண்டி, சரிவில் உருண்டு, மறுசரிவில் ஏறிவிட்டேன். அடுத்த மேடைக்குத் தாவப் போகையில் திரை இருண்டது. மூன்றாவது பாட்டரியும் அவ்வளவுதான் போலிருக்கிறது.

"சார்ஜர் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே பையன் உள்ளே ஓடினான். மிஷினுக்குப் பக்கத்தில் துணிமூட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் தாயார் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, பாட்டு நின்ற இடத்திலிருந்து அதை முனக ஆரம்பித்திருந்தார்.